பொறி முந்தும் கணக்கு

பெட்ரோல் எஞ்சினில் பொறி விழுந்த கணத்திலேயே எல்லாம் எரிந்துவிடுவதில்லை. ஸ்பார்க் பிளக்கின் முனையில் கடுகளவு பற்றும் தீ, சிலிண்டரின் அகலத்தைக் கடந்து எதிர்ச்சுவரைத் தொட்டாக வேண்டும். அதற்கு ஏறத்தாழ இரண்டு மில்லிவினாடி பிடிக்கிறது. ஒரு வினாடியை ஐந்நூறாகப் பகுத்தால் அதில் ஒரு கூறு. நமக்கு அது நேரமாகவே தெரியாது. பிஸ்டனுக்கு அது நீண்ட அவகாசம். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில், அந்த இரண்டு மில்லிவினாடிக்குள் கிராங்க் 36 டிகிரி திரும்பிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில், 850 சுற்றில், அதே நேரத்தில் பத்து டிகிரிதான் திரும்பும்.

எரிந்த வாயுவின் அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டிய இடம் ஒன்று உண்டு. பிஸ்டன் மேல் எல்லையைத் தாண்டி, கிராங்க் சுமார் 15 டிகிரி சாய்ந்திருக்கும் நிலை அது. அழுத்தம் அதற்கு முன்பே ஏறினால், மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும். பிந்தினால், இறங்கிப் போகும் பிஸ்டனைத் துரத்திக்கொண்டே எரிந்து, பாதி வெப்பம் வேலை செய்யாமல் சைலன்சர் வழியே வெளியேறும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். மெக்கானிக்குகள் இதை அட்வான்ஸ் என்கிறார்கள். எவ்வளவு முன்பு என்பதற்கு ஒரே விடை கிடையாது. எஞ்சின் ஓடும் ஒவ்வொரு கணமும் விடை மாறுகிறது. அதைக் கணக்கிடும் பொறுப்பை, கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் டயாஃப்ரமும் ஏற்றுக்கொண்டன. பொறியியலில் எனக்கு வியப்பு குறையாத பொருட்களில் அதுவும் ஒன்று.

முதலில் அந்தக் கணக்கை மனிதனே போட்டான். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரின் ஸ்டியரிங்குக்கு அடியில் இடப்புறமும் வலப்புறமும் ஒவ்வொரு லீவர் இருந்தது. வலது லீவர் பெட்ரோலுக்கு, இடது லீவர் பொறிக்கு. வேகம் கூடினால் ஓட்டுநர் இடது லீவரை நகர்த்திப் பொறியை முந்த வைப்பார். மேட்டில் திணறினால் பின்னுக்கு இழுப்பார். அட்வான்ஸில் விட்டுவிட்டு, எஞ்சினைக் கிளப்ப முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றினால், எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். அப்படி முறிந்த மணிக்கட்டுகள் ஏராளம்.

சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த பேட்டரி இக்னிஷன் 1910ஆம் ஆண்டு மாடல் கெடிலாக் கார்களில் வந்தது. காயில், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் என்று பின்னாளில் உலகமெங்கும் பரவிய ஏற்பாட்டின் வேர் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்கிறது. அதன் கேம் ஒவ்வொரு முறை பாயிண்ட் என்ற மின்தொடர்பைத் திறக்கும்போதும் காயிலின் காந்தப்புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட் எழுந்து, ரோட்டார் காட்டும் பிளக்குக்குப் போகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,000 சுற்றில் ஓடினால் இது வினாடிக்கு நூறு முறை நடக்கிறது.

அட்வான்ஸைத் தானாக நகர்த்தும் முதல் வழி எளிதில் தோன்றியது. டிஸ்ட்ரிபியூட்டரின் வயிற்றில் இரண்டு சிறு எடைகளை ஸ்பிரிங்கில் கட்டி வைத்தார்கள். வேகம் கூடக் கூட எடைகள் விலகி, கேமை அது சுழலும் திசையிலேயே சற்று முன்னுக்குத் திருப்பும். பாயிண்ட் சீக்கிரம் திறக்கும். ஆனால் சுற்று இரண்டு மடங்கானால் அட்வான்ஸும் இரண்டு மடங்காக வேண்டியதில்லை. வேகம் ஏற ஏற உள்ளே நுழையும் காற்று அதிகமாகச் சுழன்று கொந்தளிக்கிறது. கொந்தளிப்பு தீயைக் கிழித்துப் பரப்பி அதன் ஓட்டத்தையும் விரைவாக்குகிறது. அதனால்தான் பெரும்பாலான எஞ்சின்களில் எடைகளின் வேலை 3,000 சுற்றை ஒட்டி முடிந்துவிடும். அதற்கு மேல் தீயே எஞ்சினுக்கு ஈடுகொடுத்து ஓடுகிறது. இந்த ஒத்திசைவு மட்டும் இயற்கையில் இல்லாமல் போயிருந்தால் 6,000 சுற்றுப் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை நாம் பார்த்திருக்க முடியாது.

எடைகளுக்கு ஒன்றுதான் தெரியும்: வேகம். வண்டி சமதரையில் நிதானமாக 60 கிலோமீட்டரில் போகிறதா, அதே 60இல் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. சிலிண்டருக்கோ இரண்டும் வெவ்வேறு உலகங்கள். மலையில் ஆக்சிலரேட்டர் முழுவதும் அழுந்தி, சிலிண்டர் நிறையக் கலவை புகுகிறது. சமதரையில் கார்புரேட்டரின் தகடு முக்கால்வாசி மூடிக் கிடக்கிறது. சிலிண்டருக்குள் வருவது பாதி அளவுக் கலவைதான், அதிலும் முந்தைய எரிப்பின் புகை கணிசமாகக் கலந்திருக்கிறது. நெருங்கக் குவித்த சருகில் தீ சட்டென்று தாவும், சிதறிக் கிடக்கும் சருகில் தயங்கித் தயங்கி நகரும். அப்படித்தான் இங்கேயும். மெலிந்த கலவையில் தீ மெல்ல நடக்கிறது, ஆகவே அதற்குக் கூடுதலாகப் பத்து, பதினைந்து, சில எஞ்சின்களில் இருபது டிகிரி முன்தொடக்கம் தர வேண்டும். அதே முன்தொடக்கத்தை மலையேற்றத்திலும் கொடுத்தால், தீ வந்து சேர்வதற்குள் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். ‘டக டக’ என்று சுத்தியல் தட்டுவது போன்ற அந்தச் சத்தம்தான் நாக்கிங். தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஆக, பொறிக்கு எஞ்சினின் பாரம் தெரிய வேண்டும். யார் சொல்வது?

இங்கேதான் அந்த அழகான உண்மை இருக்கிறது. கலவையை மெலியச் செய்யும் அதே தகடுதான் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடத்தையும் உண்டாக்குகிறது. தகடு மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் உறிஞ்சுகின்றன, காற்று வர வழியில்லை, உள்ளே அழுத்தம் விழுகிறது. தகடு திறந்ததும் வெளிக்காற்று பாய்ந்து வெற்றிடம் மறைகிறது. தீ எவ்வளவு மெதுவாக நடக்குமோ அந்த அளவுக்கு வெற்றிடம். தீ விரையும்போது வெற்றிடமே இல்லை. பாரத்தை அளக்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அளவு ஏற்கெனவே அங்கே இருந்தது. ஒரு குழாயைச் செருகி அதைக் கேட்டால் போதும்.

அந்தக் குழாயின் மறுமுனையில் இருப்பதுதான் வேக்கம் யூனிட், டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் ஒட்டியிருக்கும் சிறிய தகர டப்பா. உள்ளே குறுக்கே ஒரு டயாஃப்ரம், அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். வெற்றிடம் டயாஃப்ரத்தை இழுக்கும், அது ஒரு கம்பியை இழுக்கும், கம்பி பாயிண்ட் பூட்டியிருக்கும் தட்டைக் கேம் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பும். கேம் வருவதற்குள் பாயிண்டே போய் அதைச் சந்திக்கிறது. எடைகள் கேமை நகர்த்துகின்றன, டயாஃப்ரம் தட்டை நகர்த்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தத்தம் கணக்கைப் போட, விடைகள் பொறி விழும் கணத்தில் தானே கூடிவிடுகின்றன. இன்றைய கார்களின் கணினி வேகத்தையும் பாரத்தையும் இரு அச்சுகளாக வைத்த ஒரு அட்டவணையைப் பார்த்துப் பொறியை ஏவுகிறது. அந்த அட்டவணையின் இரண்டு அச்சுகளும் இந்தக் கைப்பிடி அளவுப் பொருளுக்குள் முன்பே இருந்தன.

நம் ஊரிலும் ஒரு தலைமுறை முழுக்க இதை நம்பித்தான் ஓடியது. சென்னை வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, உத்தரபாராவில் தயாரான பெட்ரோல் அம்பாசடர், பிறகு வந்த கார்புரேட்டர் மாருதி 800 எல்லாவற்றிலும் இந்த டப்பா இருந்தது. 1961இல் தொடங்கி, சென்னைப் பாடியில் வேரூன்றிய லூகாஸ் டிவிஎஸ் இங்கேயே டிஸ்ட்ரிபியூட்டர்களைச் செய்தது.

டயாஃப்ரத்துக்கு ஒரு குருட்டுத்தனமும் உண்டு. அது அளப்பது மேனிஃபோல்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்குதான். தகட்டை முழுவதும் திறந்தாலும் சிலிண்டருக்குள் போவது மெலிந்த காற்றே. தீ மெதுவாகும், கூடுதல் அட்வான்ஸ் வேண்டும். ஆனால் உள்ளும் வெளியும் ஒரே மெலிவாக இருப்பதால் டயாஃப்ரத்துக்கு வேறுபாடே தெரியவில்லை. அது அசையாமல் இருக்கும். மலையிலேயே வாழும் வண்டிக்கு அடிப்படை டைமிங்கை ஓரிரு டிகிரி முன்தள்ளி வைப்பதில் நியாயம் இருக்கிறது. அதே வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினால் நாக்கிங் வரக்கூடும். பின்னாளைய கணினி எஞ்சின்களில் வந்த அழுத்த உணரி, வெளிக்காற்றோடு ஒப்பிடாமல் மேனிஃபோல்டின் அழுத்தத்தையே அளந்ததால் இந்தக் குறை நீங்கியது.

எந்த டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது, உலகெங்கும் அதிகமாகப் பேசப்பட்டது ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் விஷயம். 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். கடைசி வண்டி 2003இல் மெக்சிகோவின் புயப்லாவில் இறங்கியது. இத்தனை நீண்ட வாழ்வில் அதற்குப் பல வகை டிஸ்ட்ரிபியூட்டர்கள் வந்தன. 1960களின் பல பீட்டில்களில் எடைகளே கிடையாது, எல்லா அட்வான்ஸும் வேக்கத்தால்தான். அவற்றின் கார்புரேட்டரில் வென்சுரி என்ற குறுகிய கழுத்தின் உறிஞ்சலும் குழாயில் சேர்ந்து வரும். கழுத்தில் காற்று விரைந்தால் உறிஞ்சல் கூடும். காற்றின் ஓட்டமோ எஞ்சினின் வேகத்தோடு ஏறுவது. ஆகவே எடைகள் சொல்ல வேண்டியதையும் காற்றே சொல்லிவிட்டது. 1949 முதல் ஃபோர்டும் இதே வழியில் எடையில்லா டிஸ்ட்ரிபியூட்டர்களைச் செய்தது.

பிறகு போஷ் நிறுவனத்தின் 009 என்ற டிஸ்ட்ரிபியூட்டர் பரவியது. எடைகள் மட்டும், வேக்கம் கிடையாது. விலை மலிவு, உள்ளே அசையும் தட்டு இல்லாததால் பாயிண்ட் ஆடாமல் நிற்கும். 1964இல் புரூஸ் மேயர்ஸ் வடிவமைத்த மேங்க்ஸ் போன்ற மணல்மேட்டு வண்டிகளின் காலத்தில் கலிஃபோர்னியாவில் இது பெருமைக்குரிய பாகமாகிவிட்டது. பந்தய வண்டிக்கு அது பொருந்தவும் செய்தது: எப்போதும் முழு ஆக்சிலரேட்டரில் ஓடும் எஞ்சினில் வேக்கம் என்பதே இல்லை. இரட்டை வெபர் கார்புரேட்டர் பூட்டியவர்களுக்கும் வேறு வழி குறைவு, அங்கே குழாய் செருக ஒழுங்கான துளையே கிடைக்காது.

தெருவில் ஓடும் பீட்டிலில், அதுவும் 1971 முதல் வந்த 34 பிக்ட்-3 கார்புரேட்டரோடு இதைச் சேர்த்தபோது ஒரு நோய் வந்தது. சிக்னலில் நின்று கிளம்ப ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகுதான் எழும். பலர் ஜெட்டைப் பெரிதாக்கினார்கள், பம்பை மாற்றினார்கள். குறை பெட்ரோலில் இருக்கவில்லை. புகை குறைப்பதற்காக அந்தக் கார்புரேட்டர் கலவையை மெலிவாகவே தந்தது, மெலிந்த கலவைக்கு அந்தக் கணத்திலேயே அட்வான்ஸ் வேண்டியிருந்தது. எடைகள் வேகம் ஏறிய பிறகுதான் விலகும். வேகம் ஏறுவதற்கோ முதலில் அட்வான்ஸ் வேண்டும். டயாஃப்ரம் அப்படிக் காத்திருப்பதில்லை. தகடு அசைந்ததுமே, எஞ்சின் ஒரு சுற்றுக்கூட வேகம் கூட்டுவதற்கு முன், அது இழுத்துவிடும். எடை, வேக்கம் இரண்டும் கொண்ட, ஒற்றைக் குழாய் டிஸ்ட்ரிபியூட்டரை (எஸ்.வி.டி.ஏ. என்று அழைக்கப்படுவது) பூட்டியதும் அந்த மூச்சடைப்பு நின்றது. தெருவில் ஓட்டுவதற்கு வேக்கம் இல்லாத டிஸ்ட்ரிபியூட்டரைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை என்றே நான் சொல்வேன். பெட்ரோலும் வீண், எஞ்சினும் வீணே சூடாகிறது.

ஆனால் குழாய் இருந்தால் மட்டும் போதாது, துளை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 34 பிக்ட்-3இல் துளை தகட்டின் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கிறது. ஐடிலில் தகடு மூடியிருக்க, துளைக்கு வெற்றிடம் எட்டாது. தகடு சற்று நகர்ந்ததும் துளை வெற்றிடத்தின் பக்கம் வந்துவிடும். எஸ்.வி.டி.ஏ. இதற்காகவே அளவெடுத்தது. எடையில்லாத பழைய டிஸ்ட்ரிபியூட்டரை இதில் பூட்டினால், முழு ஆக்சிலரேட்டரில் வேகமாக ஓடும்போது அட்வான்ஸே இருக்காது, ஏனெனில் வென்சுரியின் குரல் இந்தத் துளைக்கு வருவதில்லை. 1971 வாக்கில் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் இரட்டைக் குழாய் யூனிட்டும் உண்டு. அதன் இரண்டாம் குழாய் ஐடிலில் பொறியைப் பின்னுக்கு இழுக்கும், உச்சிக்குப் பின் 5 டிகிரி வரை. தாமதமாக எரிந்த வாயு சூடாக வெளியேறி, எரியாத பெட்ரோலையும் வழியிலேயே எரிக்கும் என்பது கணக்கு. எந்தக் குழாய் எதற்கு என்று தெரியாமல் மாற்றிச் செருகினால் இந்த எஞ்சின் ஒருபோதும் சரியாக ஓடாது.

டப்பாவின் குணத்தையும் படிக்கத் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் கார்களின் லூகாஸ் யூனிட்டுகளில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். 5-13-10 என்று இருந்தால், 5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் இழுக்கத் தொடங்கும், 13 அங்குலத்தில் முழுவதும் இழுத்துவிடும், அப்போது 10 டிகிரி நகர்ந்திருக்கும். அந்தப் பத்து டிஸ்ட்ரிபியூட்டரின் டிகிரி. கிராங்கில் அது இருபது. சாதாரண எஞ்சின் ஐடிலில் 16 முதல் 20 அங்குலம் வரை உறிஞ்சும். பந்தயக் கேம் ஷாஃப்ட் பூட்டிய எஞ்சின் பத்தைத் தாண்டவே தடுமாறலாம். அதில் 13இல் நிறைவடையும் யூனிட்டைப் பூட்டி, குழாயை மேனிஃபோல்டிலேயே நேராகச் செருகினால், டயாஃப்ரம் நடுவழியில் நின்று துடிக்கும், ஐடிலும் அதோடு சேர்ந்து ஆடும். ஐடில் வெற்றிடத்துக்கு இரண்டு அங்குலம் குறைவாகவே முழுவதும் இழுத்துவிடும் யூனிட்தான் அங்கே சரி.

பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்க வேண்டும். தட்டு நகர வேண்டும். நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. கிழிந்த டயாஃப்ரம் அட்வான்ஸைப் பறிப்பதோடு நிற்காது, அதன் வழியே மேனிஃபோல்டுக்குக் காற்றும் கசியும். தட்டு மேலும் கீழும் ஆடுகிறதா என்பது அடுத்தது. ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு பொறிக்கும் மாறும், மிஸ்ஸிங் நிற்காது. தட்டுக்கும் உடலுக்கும் இடையே ஓடும் எர்த் வயர் மெல்லிய பின்னல் வயராக, தளர்வாக இருக்க வேண்டும். தட்டு நாளெல்லாம் ஆயிரக்கணக்கான முறை திரும்புகிறது, விறைப்பான வயர் அறுந்துவிடும்.

பூட்டுவது அவ்வளவு கடினமில்லை. முதல் சிலிண்டர் உச்சியில் வரும்படி புல்லியைத் திருப்ப வேண்டும். பீட்டிலில் புல்லியின் குறி எஞ்சின் உடலின் நடு இணைப்புக் கோட்டுக்கு நேராகவும், ரோட்டார் டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் உள்ள சிறு வெட்டுக்கு நேராகவும் நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிடிப்பின் நட்டைத் தளர்த்தி, நேராக மேலே இழுத்தால் பழையது வந்துவிடும். அடியில் உள்ள டிரைவ் தண்டின் தலையில் ஒரு சின்ன ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், அது எஞ்சினுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டின் வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியிருப்பதால் புதியது ஒரே வகையில்தான் உட்காரும். தவறாகப் பூட்ட முடியாதபடி யாரோ அன்போடு யோசித்திருக்கிறார்கள்.

முதலில் பாயிண்ட் இடைவெளி, 0.4 மில்லிமீட்டர். இதை முடித்த பிறகே டைமிங், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். வேக்கம் ஹோஸைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்து, எஞ்சினை 3,000 சுற்றுக்கு மேல் ஏற்ற வேண்டும். குறி 28 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையே நிற்கும் வரை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்ப வேண்டும். பீட்டிலின் ரோட்டார் கடிகாரத் திசையில் சுழல்வதால், உடலை எதிர்த்திசையில் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். ஐடிலுக்கு வரும்போது குறி எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும், 7.5ஐ ஒட்டித்தான் இருக்கும். மூன்றாம் சிலிண்டரின் பொறி மற்றவற்றைவிட நான்கு டிகிரி பிந்தி விழுந்தால் பதற வேண்டாம். 1971க்கு முந்தைய எஞ்சின்களில் ஆயில் கூலர் அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தது, அதைச் சூட்டிலிருந்து காக்கச் சில டிஸ்ட்ரிபியூட்டர்களின் கேமையே அப்படிச் செதுக்கினார்கள்.

இனி ஹோஸை மாட்டி, ஆக்சிலரேட்டரைப் பாதியளவில் பிடித்து மீண்டும் லைட் அடித்தால், குறி நாற்பதை நோக்கி நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். நகரவில்லை என்றால் ஹோஸ், துளை, டயாஃப்ரம் என்ற வரிசையில் தேட வேண்டும். கடைசிச் சோதனை சாலையில்: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, உயர் கியரில் ஒரு மேட்டில் முழு ஆக்சிலரேட்டர். ‘டக டக’ கேட்டால் உடலை இரண்டு டிகிரி பின்னுக்குத் திருப்பிவிட்டு மறுபடியும் அதே மேட்டில் ஏற வேண்டும். அப்போதும் கேட்டால், டைமிங்கை மேலும் குறைப்பதற்கு முன் எடைகளின் ஸ்பிரிங்கைப் பார்ப்பது நல்லது. தளர்ந்த ஸ்பிரிங் அட்வான்ஸை உரிய வேகத்துக்கு முன்பே கொட்டிவிடும்.